மூன்று வட்டங்களும் நகப் பரிசோதனையும்

எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். எழுதப் படிக்கத் தெரியாது, நாலு வரி பேசச் சொன்னால் முழிப்பேன். ஆனால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலோ, வேலையிடத்தில் யாராவது தொப்பி போடாமல் வந்து நின்றாலோ, "சா சுஃபி" என்று தானாக வாயில் வந்து விழும். போதும், நிறுத்து என்று அர்த்தம். அது என் அப்பாவின் சொல். அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அவருடைய சொல் மட்டும் வாடகை தராமல் என் வாயில் குடியிருந்தது.

அதை வெறும் பழக்கம் என்றுதான் நாற்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை. ஷிஃப்ட் தொடங்குமுன் கதவருகே நின்று முப்பது பெண்களின் கைகளைப் பார்க்க வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம் கழற்றியாயிற்றா, தொப்பிக்கு வெளியே முடி தொங்குகிறதா என்று. இந்த வேலைக்காகவே பிறந்தவள் நான். என் லைனிலிருந்து போன பெட்டியில் ஒரு தலைமுடி கிடந்தது என்று ஒருத்தரும் புகார் சொன்னதில்லை. ஆனால் என் லைனில் சேர்ந்த பெண்கள் ஆறு மாதத்துக்குமேல் தங்கியதும் இல்லை. வேறு லைன் கேட்டுப் போய்விடுவார்கள். சோம்பேறிகள் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கை பார்க்கும் வேலையைக் கம்பெனி எனக்குக் கற்றுத்தரவில்லை. சின்ன வயதில் கருவடிக்குப்பத்து வீட்டில் தினமும் காலையில் அது நடக்கும். அப்பா அதை 'ரெவ்யு' என்பார். பள்ளிக்கூடம் கிளம்புமுன் நானும் அக்காவும் வாசற்படிக்கு உள்பக்கம் நின்று கைகளை நீட்டுவோம். இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா வந்து நிற்பார். நாக்கால் ஒரு 'ச்' கொட்டுவார். நகங்களைப் பார்ப்பார். பிறகு கட்டைவிரலால் எங்கள் புறங்கையை ஒருமுறை தேய்ப்பார், அழுக்கு வருகிறதா என்று பார்ப்பதுபோல. அதன்பின் தீர்ப்பு. "ப்ரோப்ர்" என்றால் சுத்தம், வெளியே போகலாம். இல்லையென்றால், "அழுக்கு. உள்ள போ." அவர் அடித்ததே இல்லை. ஆனால் அந்த 'ச்'சுக்கும் தீர்ப்புக்கும் நடுவே எனக்கு அடிவயிற்றைப் பிசையும்.

பிற்பாடு மூலக்குளத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு போனபோது, அந்த வாசலில் நான் என் மகளுக்கு ரெவ்யு நடத்தினேன். பெற்றது அவள் ஒருத்தியைத்தான். என் கணவர் என்னை 'காப்ரால்' என்று கூப்பிடுவார். பட்டாளத்தில் சிப்பாய்களை மேய்க்கிறவனுக்கு அந்தப் பெயர். "காப்ரால் டூட்டிக்கு வந்தாச்சு, ஓடு ஓடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் முதலில் நழுவிவிடுவார். எனக்கும் சிரிப்பு வரும். மகள் சிரித்தாளா என்று நான் பார்த்ததில்லை, நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் பத்தாவது படிக்கும்போது, பொங்கல் லீவில், பரீட்சை முடிந்ததும் பிரான்சுக்குப் போய்விடுகிறேன் என்றாள். என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். அப்பா வழியில் எங்களுக்கெல்லாம் பிரெஞ்சுக் குடியுரிமை, மகளுக்கும் உண்டு. அதனால் போவதற்குத் தடையில்லை. வயது குறைவு என்பதால் பெற்றோர் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டும். கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்துக்காக அந்தத் தாள் ஃபிரிஜ்ஜின்மேல் உட்கார்ந்திருந்தது.

"அங்க படிப்பு நல்லா இருக்கும்மா" என்றாள் மகள். நானும் நம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"உன் பொண்ணு படிப்புக்காக வரலடி. நீ பேசினாலே அவளுக்கு வயித்த வலிக்குதாம். உங்கிட்ட சொல்லாதன்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கல."

"வயித்தவலின்னா டாக்டர்கிட்ட போவட்டும். அதுக்கு ஃபிரான்சு எதுக்கு?" என்று போனை வைத்தேன். அப்படிச் சொன்னேனே தவிர, ஃபிரிஜ்ஜின்மேல் இருந்த தாளை எடுத்து மறுபடி வாசித்தேன். என்னைப் பிடிக்காமல் ஒருத்தி லைன் மாறலாம், அது வேறு. என் மகள் கடல் தாண்டப் பார்க்கிறாள்.

அந்த மாதம்தான் கம்பெனியில் சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். எங்கள் எல்லோருக்கும் பொது என்றார் மேனேஜர். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார், அதிலேயே யாருக்காக என்று தெரிந்துவிட்டது. கேன்டீனுக்கு மேலிருந்த அறையில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். வந்தவள் சின்னப் பெண், முப்பதுகூட இராது. தலையில் முக்காடு, தோளில் பை, ஸ்கூட்டரில் வந்திருந்தாள். எங்கள் ஊரிலேயே வியாபாரம் செய்கிற முஸ்லிம் வீட்டுப் பெண், பெங்களூரில் மனோதத்துவம் படித்தவள் என்று அறிமுகப்படுத்தினார்கள். இவளா எனக்குப் பேசக் கற்றுத்தரப் போகிறாள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டம் போட்டாள். ஸ்டோர் கீப்பர், "சிக்னல் லைட்டா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். மேல் வட்டத்தில் பேரன்ட், நடுவில் அடல்ட், கீழே சைல்டு என்று எழுதினாள். உங்கள் வீட்டை வைத்து இதை யோசித்துப் பாருங்கள் என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மேல் வட்டத்தில் என்னைப் போட்டேன். நடுவில் கணவர். கீழே மகள். அதோடு நிற்காமல் கம்பெனிக்கும் ஒன்று போட்டு, மேனேஜரை மேலே வைத்து, என்னை நடுவில் வைத்து, முப்பது பெண்களையும் கீழ் வட்டத்தில் அடைத்தேன். பதவி வரிசையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அவள் என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது மூணு ஆளு இல்ல. மூணும் ஒரே ஆளுக்குள்ள. உங்க ஒருத்தருக்குள்ளயே மூணும் இருக்கு."

"எனக்குள்ள எதுக்கும்மா சைல்டு? எனக்கு நாப்பது வயசு ஆவுது."

"இருக்கட்டும், சொல்றேன்" என்று ஒரு உதாரணம் சொன்னாள். காலையில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டீர்கள். 'முன்னாடியே கிளம்பறதுக்கு என்னா, சோம்பேறி' என்று உள்ளே ஒரு குரல் திட்டும். அது நம்மை வளர்த்தவர்களின் குரல். அவர்கள் பேசியதும் நடந்துகொண்டதும் அப்படியே நமக்குள் பதிந்து கிடக்கிறது, அதுதான் பேரன்ட். 'ஐயோ, இன்னிக்கு மாட்டினேன்' என்று இன்னொரு குரல் பயப்படும். அது ஏழெட்டு வயதில் நாம் இருந்த இருப்பு, அதுதான் சைல்டு. 'அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?' என்று கேட்பது இப்போது, இந்த வயதில், இந்த இடத்தில் நிற்கிற நாம். அது அடல்ட்.

"மூணும் வேணும்க்கா. எதையும் தூக்கிப் போட முடியாது. இப்ப யாரு பேசறாங்கன்னு தெரிஞ்சா போதும்."

அன்று சாயங்காலமே வீட்டில் அடல்ட் ஆகிவிடுவது என்று முடிவெடுத்தேன். மகள் ஸ்கூலிலிருந்து வந்து பையை நாற்காலியில் போட்டாள். வழக்கமாக அதற்கே ஒரு 'சா சுஃபி' உண்டு. அன்று நான் முகத்தை ஒரு மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டு, குரலை இறக்கி, "உன்னுடைய பையை அதற்குரிய இடத்தில் வைக்க உனக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும்?" என்றேன். பாடப் புத்தகத்துத் தமிழில்.

அவள் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "ம்மா, என்னாச்சு உனக்கு? கவுண்டர்ல உக்காந்துகிட்டு ஃபாரம் சரியில்லைன்னு சொல்றவங்க மாதிரி பேசற."

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கினார். "காப்ராலுக்குப் பிரமோஷன் போல" என்றார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டினாலாவது வெளியே உட்கார்ந்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. ஃபிரிஜ்ஜின்மேல் அந்தத் தாள் அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் அந்தப் பெண் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் போட்டாள். யாராவது வாருங்கள் என்றதும் ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். சரி போ என்று எழுந்து போனேன். உள்ளே திட்டுகிற குரல் யாருடையது என்று அவள் கேட்டாள், அப்பாவையும் ரெவ்யுவையும் பற்றிச் சொன்னேன்.

"இதுல உங்க அப்பாவா உக்காருங்க. அவரு எப்படி உக்காருவாரோ அப்படி."

விளையாட்டாகத்தான் உட்கார்ந்தேன். முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு கைகளும் போய் முட்டிமேல் படிந்தன, விரல்கள் சேர்ந்து. நான் அப்படி உட்கார்ந்ததே கிடையாது. அறையில் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

"வணக்கம் ஐயா" என்றாள் அவள். கிண்டல் இல்லாமல், உண்மையிலேயே ஒரு பெரியவரிடம் பேசுவதுபோல. "உங்க பொண்ணு சொன்னாங்க, தினமும் கையப் பாப்பீங்களாமே. எதுக்கு ஐயா?"

"வெளிய போற புள்ளைங்கள ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது." என் குரல்தான், ஆனால் கட்டையாக, அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"உங்கள யாராவது சொன்னாங்களா ஐயா?"

"சொன்னான்."

"யாரு?"

"காப்ரால்."

அதற்குமேல் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்க என்னிடம் எதுவும் இல்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. "கப்பல் ஏறி அக்கரையில எறங்கின மொத நாளு. எனக்கு பத்தொம்போது வயசு. வரிசையில நிக்க வெச்சு கையப் பாத்தான். அழுக்கு, உள்ள போ, கழுவிட்டு வான்னான். கழுவிட்டு வந்தேன். மறுபடியும் உள்ள போன்னான். நாப்பது பேரு பாத்துகிட்டு நின்னானுங்க. செங்கப்பொடி போட்டுத் தேச்சேன். மூணாவது தடவ அவனே வெரலால என் பொறங்கையத் தேச்சுப் பாத்தான். அப்பதான் புரிஞ்சுது. அவன் அழுக்குன்னு சொன்னது என் தோல."

அப்பா எங்கள் புறங்கையைக் கட்டைவிரலால் தேய்த்தது நினைவுக்கு வந்தது. தேய்த்துவிட்டு, ஆயிரம் தடவையாவது இருக்கும், அவர் "ப்ரோப்ர்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் கறுப்புக் கைகளைப் பார்த்து, சுத்தம், வெளியே போ என்று. அந்தக் காப்ராலுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவர் தினமும் எங்கள் கையில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போகச் சொன்ன நாட்களில் பேசியது அந்த ஆள்தான்.

"இப்ப எதிர் நாற்காலிக்கு வாங்க. உங்களுக்கு ஏழு வயசு. அப்பா பேசினதக் கேட்டீங்க. என்னா சொல்லணும் அவருக்கு?"

உட்கார்ந்தேன். கால்கள் நாற்காலிக் காலைச் சுற்றிப் பின்னிக்கொண்டன. அடிவயிற்றைப் பிசைந்தது. நினைப்பு இல்லை, நிஜமான வலி. முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, அதே இடத்தில், அதே வலி.

"வயித்த வலிக்குதுப்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. என் மகள் என் அக்காவிடம் சொன்னது. எட்டுப் பேருக்கு முன்னால், நாற்பது வயதில், நான் தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, நிற்கவும் இல்லை.

அவள் அவசரப்படவில்லை. அழுது முடித்ததும் என் கையைப் பிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் நிறுத்தினாள். "ரெண்டு நாற்காலியையும் இங்கேர்ந்து பாருங்கக்கா."

பார்த்தேன். காலி நாற்காலிகள்தான். ஒன்றில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைச் சுமந்துகொண்டிருந்த அப்பா. இன்னொன்றில் கையை நீட்டிக்கொண்டு நான். இரண்டு பேருக்காகவும் எனக்கு மனம் இளகியது. "இப்ப இங்கேர்ந்து பாக்கறது யாரோ, அவங்கதான் அந்த நடு வட்டம்" என்றாள் அவள். முந்தின நாள் சாயங்காலம் நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு தேடியது இவளைத்தான். இவள் பாட்டுக்கு இத்தனை வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறாள். ஒரு மனுஷிக்குள் இத்தனை பேரா என்ற மலைப்பு அன்று முழுக்க எனக்கு அடங்கவில்லை. வந்து போகும் பெண்களையெல்லாம் நின்று பார்த்தேன். டீ ஊற்றுகிறவருக்குள்ளும் மூன்று பேர், கேட்டில் இருக்கிற வாட்ச்மேனுக்குள்ளும் மூன்று பேர். பஸ்ஸில் நாற்பது பேர் என்றால் அத்தனை அப்பாக்களும் அம்மாக்களும் குழந்தைகளுமாக அது எப்படி நகர்கிறது என்றே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பூத்தில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். காப்ரால் கதையைக் கேட்டேன், நானே கட்டிவிட்டேனோ என்ற பயத்தில்.

"ஆமாடி, நெஜந்தான்" என்றாள். "ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் அப்பா அவரு சிநேகிதருகிட்ட சொல்லிகிட்டிருந்தாரு. எங்கிட்ட ஒரு நாளும் நேராச் சொன்னதில்ல. உனக்கு எப்படித் தெரியும்? நீ பாயில தூங்கிட்டிருந்தியே."

"தூங்கல போல" என்றேன்.

மறுநாள் காலை மகள் ஸ்கூல் கிளம்பினாள். அன்று ரெவ்யு வேண்டாம் என்று நினைத்திருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, கதவைத்தான் திறந்தேன். அவள் தானாக வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். கண் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது. தோள்கள் கொஞ்சம் தூக்கியிருந்தன. நாற்காலியில் நான் விட்டுவந்த ஏழு வயதுக்காரி அங்கே யூனிஃபார்மில் நின்றாள்.

அவள் கைகளுக்குப் பக்கத்தில் என் கைகளை நீட்டினேன்.

"நீ பாரு" என்றேன்.

"என்னாம்மா?"

"இன்னிக்கு நீ பாரு."

அவள் தயங்கினாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நாக்கால் ஒரு 'ச்' கொட்டினாள். கட்டைவிரலால் என் புறங்கையை ஒருமுறை தேய்த்தாள். "நகத்துல மாவு. அழுக்கு. உள்ள போ" என்றாள்.

அந்த 'ச்' என் அப்பாவுடையது. நிறுத்திய இடம்கூட அவருடையது. அவர் செத்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். அவரை அவள் பார்த்ததே இல்லை, ஆனால் முழுசாக வைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் நின்ற காப்ராலையும் சேர்த்து. பெயர்கூடத் தெரியாத ஒரு ஆள் எங்கேயோ ஒரு காலையில் சொன்ன சொல், மூலக்குளத்தில் என் வீட்டு வாசலில் என் பெண்ணின் வாயில் உயிரோடு இருந்தது. நான் என் நகத்து மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா? கோவமா?"

"இல்ல. எனக்கும் வலிக்கும்."

"எது?"

"வயிறு. எங்கப்பா கையப் பாக்கறப்ப."

அவள் முகம் மாறியது. பெரியம்மா சொல்லிவிட்டாள் என்று புரிந்திருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றும் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். அப்பாவின் கதையையும், மூன்று வட்டத்தையும், இரண்டு நாற்காலியையும் முழுக்கச் சொன்னேன். அவள் தன் புறங்கையைத் தானே தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். அன்று அவள் ஸ்கூலுக்கு லேட், நான் ஷிஃப்டுக்கு லேட். கம்பெனியில் சேர்ந்த பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

அப்புறம் நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். கோபம் வந்தால் பிரெஞ்சு வரத்தான் செய்தது. ஆனால் 'சா சுஃபி' என்று வாயைத் திறந்ததும் மகள், "யாரும்மா பேசறது?" என்று கேட்பாள். சில நாள் "உன் தாத்தா" என்பேன். சில நாள் அந்தக் கேள்விக்கும் சேர்த்துத் திட்டுவேன். கம்பெனியில் கை பார்க்கும்போது முதலில் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசப் பழகினேன். இரண்டு பெண்கள் ஒரு வருஷத்துக்குமேல் என் லைனில் இருந்தார்கள்.

அந்த வருஷப் பங்குனியில் மகளே ஃபிரிஜ்ஜின்மேல் இருந்த தாளை எடுத்து வந்தாள். "ப்ளஸ் டூ இங்கயே முடிச்சிட்டுப் போறேன்" என்றாள். நான் வாயைத் திறக்குமுன், "போவேன்மா. ஆனா வயித்தவலிக்காகப் போவல" என்றாள். அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அது வழக்கமே இல்லாததால் இரண்டு பேருமே கொஞ்சம் கூச்சப்பட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, கல்லூரிப் படிப்புக்காக அவள் கிளம்பினாள். சென்னை விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் நின்றது. கணவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் வாசற்படிக்கு உள்பக்கம் வந்து நின்று, சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள். தோள்கள் இறங்கியிருந்தன. கண் என்னையே பார்த்தது.

நகங்களைப் பார்த்தேன். வெட்டி, தேய்த்து, பளிச்சென்று இருந்தன. கட்டைவிரலால் புறங்கையைத் தேய்த்தேன். எங்கள் குடும்பத்துத் தோல், சூடாக இருந்தது. ஒரு சொல்தான் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் வெளியே போய்விடலாம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அழுக்கு" என்றேன். "உள்ள போ."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "யாரும்மா பேசறது?" என்று கேட்டாள்.

"ஏழு வயசுக்காரி" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கணவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார், பிறகு அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் அவள் கைகளை மறுபடி எடுத்துப் பார்த்து, "ப்ரோப்ர்" என்றேன்.